சோலார் வாட்டர் ஹீட்டர்: ஓஸ் சுடுகிறது, வாளித் தண்ணீர் சூடாகவில்லை, அவசரம்

மொட்டைமாடி: மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கண்காட்சி, வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டும். பெட்டி, கறுப்பு பெயிண்ட், மேலே கண்ணாடி எல்லாம் சரியாகத்தான் செய்தோம். காலை பத்து மணியிலிருந்து வெயிலில் கிடக்கிறது, தண்ணீர் வெதுவெதுப்புக்கூட இல்லை. என்ன தப்பு?

பிளம்பர் அண்ணன்: என்ன குழாய்? எத்தனை லிட்டர்? வாளி பெட்டிக்கு மேலேயா கீழேயா?

செம்பு: பிளாஸ்டிக் போட்டிருப்பீர்கள், அதான். செம்புக்குழாய்க்கு மாற்றுங்கள்.

மொட்டைமாடி: தோட்டத்து கறுப்பு ஓஸ் 10 மீட்டர், வட்டமாகச் சுற்றியிருக்கிறோம். பெட்டி 2க்கு 2 அடி. 15 லிட்டர் வாளி, பக்கத்தில் தரையில். மோட்டார் கிடையாது. ஊர் மதுரை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: வெப்பச்சலனம் பள்ளிப் பாடம். அதைப் படித்துவிட்டுச் செய்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். வாளியின் அடி, பெட்டியின் மேல் விளிம்பைவிட ஒரு அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும்.

பிளம்பர் அண்ணன்: சார், விஷயம் சரி, பிள்ளைக்காக மெனக்கெடுகிறவரிடம் இப்படிப் பேச வேண்டாம். தம்பி, ஓஸ் சுடுகிறது என்றால் வெப்பம் உள்ளே போய்விட்டது, நகரத்தான் வழியில்லை, அதனால் செம்பெல்லாம் வேண்டாம். வட்டச் சுருளைச் சாய்த்தால் ஒவ்வொரு சுற்றும் ஏறி இறங்கும், உச்சியில் காற்று அடைத்துக்கொள்ளும். ஓஸைப் பிரித்து, பாம்பு போகிற மாதிரி வளைத்து, கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும்படி கட்டுங்கள். வாளி அடியிலிருந்து பெட்டியின் கீழ்முனைக்கு ஒரு ஓஸ், மேல்முனையிலிருந்து வாளியின் மேல்பாதிக்கு ஒன்று. அந்த வாய் தண்ணீருக்குள் முழுகியே இருக்கணும், வெளியே தொங்கினால் ஓட்டம் நின்றுவிடும்.

செம்பு: செம்பு வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கடையில் விற்கும் தகட்டு ஹீட்டரில் செம்புதானே இருக்கிறது?

பிளம்பர் அண்ணன்: அது பல வருஷம் உழைக்க வேண்டியது, இது ஒரு நாள் கண்காட்சி.

தெற்குவாசல்: பெட்டியைத் தெற்குப் பார்த்து 45 டிகிரி சாயுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: சாய்வை ஊரின் அட்சரேகையை ஒட்டித்தான் வைப்பார்கள், மதுரை சுமார் 10 டிகிரி அட்சரேகை. 45 எதற்கு?

தெற்குவாசல்: மார்கழி, தை வெயில் தெற்கே சாய்ந்துதானே வரும்? சாய்வு கூடினால் தண்ணீர் ஏறவும் சுலபம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: 25 போதும். முதலில் தண்ணீரைக் குறையுங்கள். 15 லிட்டரை 30 டிகிரி ஏற்ற சுமார் 1,900 கிலோஜூல் வேண்டும். உச்சிவெயில் சதுர மீட்டருக்கு சுமார் 1,000 வாட், இந்தப் பெட்டியில் பாதி தேறினாலே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். 5 லிட்டர் என்றால் ஒரு மணி நேரம். வாளியை மூடி, பழைய போர்வை சுற்றுங்கள்.

தெற்குவாசல்: 25 போதாது சார்.

மொட்டைமாடி: ஓஸை மாற்றிக் கட்டி, வாளியை ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டோம். 5 லிட்டர், பன்னிரண்டு மணிக்கு 30 டிகிரி, இரண்டு மணிக்கு 51. மகள் மேல் ஓஸ் வாயருகே ஒரு சொட்டு நீல மை விட்டாள், அது நூல் மாதிரி நீண்டு மெதுவாக நகர்ந்தது. எல்லாருக்கும் நன்றி, அவளைக் கூப்பிட்டுக்கொண்டு சார்ட் வாங்கக் கிளம்புகிறேன்.