புதுப்பிப்பு: தற்கொலைத் தடுப்பு ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது
உளவியல் இளநிலை மாணவர்களை இப்படிப்பட்ட ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பார்களா என்று போன செமஸ்டரில் இங்கே கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன்! என்டியூவில் (சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இளநிலை மாணவர்களை ஆய்வில் சேர்க்கும் யூரேக்கா மாதிரித் திட்டங்கள் இருக்கின்றன, ஆனால் எனக்குக் கைகொடுத்தது பேராசிரியருக்கு நேரடியாக அனுப்பிய மின்னஞ்சல்தான், அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அதிலேயே ஒரு சந்தேகமும் கேட்டிருந்தேன்.

வந்தவுடன் யாரையும் பேட்டி எடுக்க விடமாட்டார்கள் (விடவும் கூடாது). முதலில் ஆய்வு நெறிமுறைப் பயிற்சி, அப்புறம் பேட்டி ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கி, பெயர், பள்ளி, புளோக் எண் என ஆளைக் காட்டிக்கொடுக்கும் எல்லாவற்றையும் நீக்கும் வேலை. பதிவில் யாராவது ஆபத்தில் இருப்பது தெரிந்தால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லியாக வேண்டும்.

மனம் கனத்துப்போகாதா என்று கேட்டவருக்கு: போகும்தான். வாராவாரம் குழுவாகப் பேசுகிறோம், ஒருவரால் கேட்க முடியாத பதிவை இன்னொருவர் எடுத்துக்கொள்வார்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்போதே பேச ஆள் வேண்டுமென்றால், சிங்கப்பூரில் எஸ்ஓஎஸ் (சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்) உதவி எண் 1767, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.