‘சீஸ்’ ஆன பிரேக் வட்டு: ‘துருக்கட்டு’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் பிரேக் வட்டு கழற்றும் குறிப்பில் ‘சீஸ்’ (seize, அதாவது ஒரு பாகம் இறுகிப்போய் அசையாமல் நிற்பது) என்பதற்குக் ‘கைப்பற்றல்’ என்று போட்டிருப்பதை எடுத்துவிடுவோம். அது போலீசார் வண்டியையே பறிமுதல் செய்வதற்கு உரிய சொல். அதற்குப் பதில் ‘உறைவு’ என்று வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தயிர் உறையும், எண்ணெய் உறையும், இங்கே நடப்பது வேறு.

போன ஞாயிறு திருவான்மியூரில் வீட்டு வாசலிலேயே என் காரின் முன்வட்டுகளைக் கழற்றினேன். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, காலிப்பரையும் (பிரேக் கட்டைகளை வட்டின் மேல் அழுத்தும் பாகம்) அதைத் தாங்கும் பிராக்கெட்டையும் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, வட்டைப் பிடித்திருந்த இரண்டு சின்ன ஸ்க்ரூக்களையும் எடுத்தாயிற்று. இனி வட்டு கையோடு வந்திருக்க வேண்டும். அசையவே இல்லை. வார்ப்பிரும்பு வட்டின் நடுத்துளை எஃகு ஹப்பின் (சக்கரமும் வட்டும் மாட்டப்படும் நடுப்பாகம்) மேல் நெருக்கமாக உட்காரும். அந்த மயிரிழை இடைவெளியில் ஈரமும் உப்புக்காற்றும் புகுந்து துருப்பிடிக்கும், துருவோ இரும்பைவிட அதிக இடம் அடைக்கும், ஆப்பு அடித்தது போல இரண்டும் கவ்விக்கொள்ளும்.

இந்த நிலைக்கு நான் சொல்வது ‘துருக்கட்டு’. நெஞ்சில் சளி கட்டுகிறது, புண்ணில் சீழ் கட்டுகிறது என்கிறோமே, அதே கட்டுதான். ‘வட்டு துருக்கட்டிவிட்டது’ என்று வினையாகவும் தடையில்லாமல் வரும், கழன்றால் ‘கட்டு விட்டது’ என்று சொல்லிக்கொள்ளலாம். ‘துருப்பற்று’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெல்டிங்குக்குப் ‘பற்றவைப்பு’ நிலைத்துவிட்டதால் படிப்பவர் குழம்புவார்.

அப்புறம் இன்னொன்று. காலிப்பருக்குள் பிரேக் கட்டையைத் தள்ளும் பிஸ்டன் நகராமல் நின்றாலும் ஆங்கிலத்தில் இதே சொல்தான், பட்டறையிலும் இரண்டுக்கும் ‘ஜாம்’. நாம் பிரித்துவிடலாம். நகர வேண்டியது நகராவிட்டால் ‘இறுகல்’, பிரிய வேண்டியது பிரியாவிட்டால் ‘துருக்கட்டு’. செய்ய வேண்டிய வேலையே வேறு: பிஸ்டன் இறுகினால் சீல் மாற்ற வேண்டும், சில நேரம் காலிப்பரையே மாற்ற வேண்டும், வட்டு துருக்கட்டினாலோ அந்தக் கட்டை விடுவித்தால் போதும். ஒரே சொல்லை வைத்தால் புதிதாகச் செய்பவர் தவறான இடத்தில் சுத்தியலை ஓங்குவார்.

ஹப்புக்கு ‘மையம்’ வேண்டாம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து சேரும் பாகம் ‘குடம்’. அந்தச் சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

கடைசியில் என் வட்டு எப்படி வந்தது என்றால், அதன் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருந்தன. துரு இளக்கும் எண்ணெயைக் குடத்தைச் சுற்றி அடித்து, அரை மணி நேரம் விட்டு, 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அந்தத் துளைகளில் போட்டு, இதில் அரைச்சுற்று அதில் அரைச்சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினேன். போல்ட்டின் நுனி குடத்தை அழுத்த, வட்டு வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, ‘டப்’ என்று விட்டது. குடத்தின் முகத்தில் செதில் செதிலாகத் துரு. அதைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்காமல் புது வட்டை மாட்டினால் அது கோணி உட்கார்ந்து, பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறும். இந்த வரி குறிப்பில் கட்டாயம் வர வேண்டும்.

அந்த மரைத்துளைகளுக்கு இன்னும் பெயர் இல்லை. ‘தள்ளுதுளை’ என்று எழுதியிருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.