கோடில் உருவாக்கிய டெக்ஸ்ட்பாக்ஸை ஃபைண்ட்நேம் கண்டுகொள்ளவே இல்லை

கேள்வி:
டபிள்யூபிஎஃப்பில் (விண்டோஸ் நிரல்களுக்குத் திரை அமைக்க மைக்ரோசாஃப்ட் தரும் கட்டமைப்பு) ஒரு படிவம். எத்தனை வரி வேண்டும் என்பது கோப்பைப் படித்த பிறகுதான் தெரியும் என்பதால், ஸாமலில் (திரை அமைப்பை எழுதும் மொழி) எதுவும் எழுதாமல் ஃபார் லூப்பில் டெக்ஸ்ட்பாக்ஸ்களை நியூ போட்டு ஸ்டாக்பேனலில் சேர்க்கிறேன், ஒவ்வொன்றுக்கும் வரி0, வரி1 என்று நேமும் கொடுத்திருக்கிறேன். திரையில் எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் சேமிக்கும்போது பெயரால் தேடும் ஃபைண்ட்நேம் போட்டால் நல்தான் (அதாவது ஒன்றுமில்லை) கிடைக்கிறது. இன்னொன்று, செட்பைண்டிங் மூலம் டெக்ஸ்டை என் கிளாஸின் 'மதிப்பு' பிராப்பர்ட்டியோடு இணைத்தேன். தட்டச்சு செய்வது ஆப்ஜெக்டுக்குப் போகிறது, கோடில் மதிப்பை மாற்றினால் பெட்டி அசையவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

பதில் 1:
நேம் வைப்பது வேறு, அதைப் பதிவது வேறு. ஸாமலில் எழுதினால் அதை ஏற்றும்போதே பெயர் ஜன்னலின் நேம்ஸ்கோப்பில், அதாவது பெயர்ப் பதிவேட்டில், பதிவாகிவிடும். கோடில் வைத்தால் நீங்கள்தான் ரெஜிஸ்டர்நேமைக் கூப்பிட வேண்டும். எலிமெண்ட்நேம் வைத்து அந்தப் பெட்டியோடு வேறொன்றை பைண்ட் செய்தாலும் இதே கதைதான், நிரல் நிற்காது, பிழைச் செய்தி விஷுவல் ஸ்டுடியோவின் அவுட்புட் போன்ற ஜன்னல்களில்தான் வரும், பலரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனாலும் நீங்களே உருவாக்கிய பெட்டியைப் பெயர் சொல்லித் தேடுவானேன்? ஒரு டிக்‌ஷனரியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
இரண்டாவது சிக்கலுக்கு: மாற்றத்தை அறிவிக்கும் இன்டர்ஃபேஸான ஐநோட்டிஃபைபிராப்பர்ட்டிசேஞ்ச்டை உங்கள் கிளாஸ் இம்ப்ளிமென்ட் செய்கிறதா? செட்டரில் பிராப்பர்ட்டிசேஞ்ச்ட் ஈவென்டை எழுப்பாவிட்டால் மதிப்பு மாறியது பைண்டிங்குக்கு எப்படித் தெரியும்?

கேட்டவர்:
அதேதான், இன்டர்ஃபேஸை மறந்தே போனேன். அது சரியாகிவிட்டது. ரெஜிஸ்டர்நேமும் வேலை செய்தது, ஆனால் வரிகளை அழித்துவிட்டுத் திரும்ப உருவாக்கினால் ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷன் விழுகிறது.

பதில் 1:
பேனலிலிருந்து எடுத்தாலும் பெயர் பதிவிலேயே இருக்கும். அன்ரெஜிஸ்டர்நேமும் போட வேண்டும். இதற்குத்தான் டிக்‌ஷனரி என்றேன்.

பதில் 3:
இரண்டுமே வேண்டாம் என்பேன். பெட்டிகளை நீங்கள் ஏன் உருவாக்குகிறீர்கள்? சேர்ப்பதையும் எடுப்பதையும் திரைக்குத் தெரிவிக்கும் ஓர் அப்சர்வபிள்கலெக்‌ஷனில் உங்கள் ஆப்ஜெக்டுகளைப் போட்டு, அதைப் பட்டியல் காட்டும் ஐட்டம்ஸ்கன்ட்ரோலின் ஐட்டம்ஸ்சோர்ஸாகக் கொடுங்கள், ஒரு வரி எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் டேட்டாடெம்ப்ளேட்டில் ஒரே ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ் எழுதினால் போதும். கலெக்‌ஷனில் சேர்த்தால் திரையில் வரி வரும், எடுத்தால் போகும். சேமிக்கும்போது பெட்டியைத் தேடவே வேண்டாம், கலெக்‌ஷனைச் சுற்றி வந்தால் எல்லா மதிப்பும் அங்கேயே இருக்கும். சாதாரண லிஸ்டைக் கொடுத்துவிடாதீர்கள், பிறகு சேர்ப்பது திரைக்குத் தெரியாது. நானும் முதலில் லூப் போட்டுக் குழம்பியவன்தான்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், பாதி கோடு காணாமல் போனது. ஒன்றே ஒன்று: கடைசிப் பெட்டியில் தட்டச்சு செய்துவிட்டு உடனே கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் பழைய மதிப்பு சேமிக்கப்படுகிறது.

பதில் 2:
டெக்ஸ்ட்பாக்ஸின் டெக்ஸ்டுக்கு இயல்பான அப்டேட்சோர்ஸ்டிரிகர் (எழுதியது எப்போது ஆப்ஜெக்டுக்குப் போகும் என்ற அமைப்பு) லாஸ்ட்ஃபோகஸ், அதாவது பெட்டியை விட்டு நகரும்போதுதான் போகும். ஷார்ட்கட் அழுத்தும்போது கர்சர் பெட்டியை விட்டு நகராது, அதனால் நீங்கள் எழுதியது இன்னும் ஆப்ஜெக்டுக்குப் போயிருக்காது. பைண்டிங்கில் அந்த அமைப்பை பிராப்பர்ட்டிசேஞ்ச்ட் என்று மாற்றுங்கள், தட்டச்சு செய்யச் செய்யவே போய்விடும்.