தரங்கம்பாடி முன்னோரைத் தேட எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
என் தாய்வழி முன்னோர், டேனியர் ஆட்சிக் காலத்திலேயே தரங்கம்பாடி லுத்தரன் சபையைச் சேர்ந்திருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பழைய வேதாகமத்தின் முதல் தாளில் மங்கிய மையில் எழுதப்பட்ட ‘ஞானமுத்து, 1838’ என்பதைத் தவிர வேறு சான்று இல்லை. எங்கே தேடலாம்?

பதில் 1:
முதலில் புது எருசலேம் ஆலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பற்றிக் குருவானவரிடம் விசாரியுங்கள். 1718-இல் கட்டப்பட்ட அவ்வாலயமே தமிழ்ச் சபையாருக்குரியது. 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம் ஐரோப்பியருக்கானது என்பதால், அங்கே தேடுவது பெரும்பாலும் வீண். ஞானஸ்நானத்தில் பெயர் மாறுவது வழக்கமாதலால், தந்தை பெயரையும் ஊரையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

பதில் 2:
1845-இல் தரங்கம்பாடி ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்கப்பட்டதால் ஆவணங்கள் சிதறிக் கிடக்கின்றன. டேனிய அரசின் நிர்வாகத் தாள்களைக் கோபன்ஹேகனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், இங்கே ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரிகளின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்திலும் காணலாம். பழைய ஜெர்மானியக் கையெழுத்து கண்ணைப் பிடுங்கும். படிக்கத் தெரிந்தவரின் துணை அவசியம். 1840-களுக்குப் பிந்தைய தலைமுறைகளுக்கு அக்காலத்தில் இங்கே பணியாற்றிய ஜெர்மானிய லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனின் ஆவணங்களையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஆலயத்திற்கே முதலில் எழுதுகிறேன்.