பினேராவை சிலி எதற்காக நினைக்க வேண்டும்?

கரிசல்:
சிலியின் முன்னாள் அதிபர் செபாஸ்தியான் பினேராவை இங்கே பலரும் "கோடீஸ்வர வலதுசாரி" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறீர்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ராணுவ சர்வாதிகாரி பினோசே ஆட்சியில் நீடிக்கலாமா என்று 1988இல் நடந்த வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டவர் அவர். 2010இல் பதவியேற்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் 8.8 அளவில் நிலநடுக்கம். அந்த ஆகஸ்டில் சான் ஹோசே சுரங்கம் இடிந்து 33 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சுரங்கக் கம்பெனியால் மீட்க முடியவில்லை. அரசு கையில் எடுத்தது. பதினேழு நாள் சத்தமே இல்லை. பிறகு துளையிட்ட கருவியின் முனையில் ஒரு சீட்டு, சிவப்பு எழுத்தில்: 'நலமாக இருக்கிறோம், 33 பேரும்'. 69ஆம் நாள் ஒவ்வொருவராக மேலே வந்தபோது அங்கேயே நின்று கட்டிப்பிடித்து வரவேற்றார். அதை டிவியில் பார்த்தவர்களுக்கு மறக்காது.

மருதாணி:
அண்ணா, சுரங்க மீட்பு பெரிய காரியம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். 2019 அக்டோபரில், அவருடைய இரண்டாவது ஆட்சியில், சாந்தியாகோ மெட்ரோவில் நெரிசல் நேரக் கட்டணம் 30 பெசோ (சிலி நாட்டுப் பணம்) ஏறியது. மாணவர்கள் டிக்கெட் தடுப்பைத் தாண்டிக் குதித்தார்கள். "30 பெசோ இல்லை, 30 வருஷம்" என்று ஊரே சொன்னது, சர்வாதிகாரம் முடிந்த பிறகான வருஷங்களைச் சுட்டி. அதற்கு அதிபர் சொன்ன பதில், "பலம் வாய்ந்த எதிரியோடு போரில் இருக்கிறோம்." ராணுவத்தை இறக்கினார். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்ணில் காயம் பட்டவர்கள் மட்டும் 400க்கும் மேல். ஃபாபியோலா காம்பியாய் போராடக்கூடப் போகவில்லை, இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பியவர். போலீஸ் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு முகத்தில் பட்டது. இரண்டு கண்ணும் போயின. வாசனை தெரியாது, ருசி தெரியாது. வேலைக்குப் போன பெண்ணா எதிரி?

வடகரை:
அந்த '30 வருஷம்' எதைப் பற்றி என்றும் சொல்லுங்கள். சம்பளத்தில் 10 சதவீதம் தனியார் பென்ஷன் நிதிக்குப் போகும். 2025 சீர்திருத்தம் வரை முதலாளி பங்கு கிடையாது. இதைக் கொண்டுவந்தவர் பினோசேயின் தொழிலாளர் அமைச்சர் ஹோசே பினேரா, இவருடைய சொந்த அண்ணன். ராணுவத்துக்கும் போலீசுக்கும் மட்டும் பழைய பென்ஷனே தொடர்ந்தது.

கரிசல்:
அண்ணன் செய்ததற்குத் தம்பியைக் கூண்டில் ஏற்றக் கூடாது, வடகரை. பினோசே ஆட்சிக்கு வலதுசாரிகளில் பலர் 'மௌனமாக உடந்தையாக இருந்தவர்கள்' என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னவர் இந்தத் தம்பிதான். சொந்த முகாமே கொதித்தது. மனித உரிமை வழக்கில் தண்டனை பெற்ற ராணுவ அதிகாரிகள் வசதியாக இருந்த கோர்தியேரா சிறையை அதே வருஷம் மூடினார். மருதாணி, 'போர்' என்று சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாதத்துக்குள், நவம்பர் 15 அன்று, புது அரசியல் சாசனத்துக்கு வழி திறக்கும் ஒப்பந்தம் வந்தது. நாற்காலியைக் காப்பாற்றத் துப்பாக்கியை நம்பியிருந்தால் அது வந்திருக்குமா?

மருதாணி:
வந்ததற்குக் காரணம் அவர் மனசு இல்லை, அண்ணா. அக்டோபர் 25 அன்று சாந்தியாகோவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் தெருவில் நின்றார்கள். ஒப்பந்தத்தைப் பேசி முடித்தது நாடாளுமன்றக் கட்சிகள். உள்துறை அமைச்சராக இருந்த அவருடைய உறவினர் ஆந்த்ரேஸ் சாட்விக் ஐந்து வருஷம் பொதுப்பதவி வகிக்கக் கூடாது என்று செனட்டே தீர்ப்புச் சொன்னது. இன்னொன்று, தோமிங்கா என்ற சுரங்கத் திட்டம். குடும்பப் பங்கை நண்பருக்கு விற்ற ஒப்பந்தத்தில் கடைசித் தவணை, அந்த இடத்துக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு வராவிட்டால்தான். முடிவெடுக்கும் அரசின் தலைவர் யார்? அவரேதான்!

கரிசல்:
அந்த ஒப்பந்தம் எனக்கும் உறுத்துகிறது. சொத்து நிர்வாகம் தன் கையில் இல்லை என்றார். அதற்காக வந்த பதவி நீக்கத் தீர்மானம் கீழவையில் ஜெயித்து செனட்டில் தோற்றது. ஆனால் 2024 பிப்ரவரியில் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தபோது, 2011இல் அவருக்கு எதிராக மாணவர் போராட்டம் நடத்திய கப்ரியேல் போரிக்தான் அதிபராக இருந்தார். தங்கள் தரப்புக் குற்றச்சாட்டுகள் சில சமயம் நியாயத்தைத் தாண்டின என்று இறுதிச் சடங்கில் அவரே சொன்னார். எதிராளியே சொன்னதைக் கொஞ்சம் எடைபோடுங்கள்.

மருதாணி:
போரிக் தன் தரப்புக்காகப் பேசலாம். ஃபாபியோலாவுக்காக அவர் பேச முடியாது. அந்தப் பெண் 2021இல் சுயேச்சையாக நின்று செனட்டரானார். சுட்ட அதிகாரிக்கு 2022இல் சிறைத் தண்டனை கிடைத்தது. 'போர்' என்று அறிவித்தவருக்கு அரசு மரியாதையோடு அடக்கம். இந்த இரண்டும் எனக்கு ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை, அண்ணா.