மாதாவைக் கும்பிடுகிறோம், மதத்தைக் கண்டால் ஏன் முகம் சுளிக்கிறோம்?

திருச்சிவாசி:
எங்கள் பூஜை அறையில் முருகனுக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா படமும் உண்டு, அம்மா இருவருக்கும் ஒரே ஊதுபத்தியைத்தான் காட்டுவார். ஆனால் தெருமுனையில் யாராவது துண்டுப் பிரசுரம் நீட்டினால் அதே அம்மாவுக்கு முகம் மாறிவிடும். உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?

டெல்டாக்காரன்:
அதே கதைதான். என் தம்பிக்கு முதல் மொட்டை வேளாங்கண்ணியில்தான். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி கட்டி நடந்து வருகிறவர்களில் யார் இந்து, யார் கிறிஸ்தவர் என்று பார்த்துச் சொல்லவே முடியாது. 1962-இல் அது பசிலிக்கா (போப் சிறப்புத் தகுதி தரும் பேராலயம்) ஆனதெல்லாம் பாட்டிக்குத் தெரியாது, அவருக்கு அது இன்னொரு அம்மன்.

கறார்பேர்வழி:
மாதா வேறு, மதமாற்றம் வேறு. பக்கத்து வீட்டு அக்கா பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்தபிறகு, தீபாவளி அதிரசத்தை நீட்டினால் "படைச்சதா?" என்று கேட்கிறார். கிறிஸ்துமஸ் கேக்கை நாங்கள் எதுவும் கேட்காமல்தானே வாங்குகிறோம்! கோபம் இல்லை, ஆனால் சுருக்கென்று இருக்கிறது.

மூன்றாம்தலைமுறை:
நான் கிறிஸ்தவன். அதிரச விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் தாத்தா மதம் மாறி அறுபது வருஷம் ஆகியும் ஊரில் எங்களைப் பழைய சாதியாகத்தான் பார்க்கிறார்கள், கல்லறைத் தோட்டத்தில்கூட எங்களுக்குத் தனி மூலை. கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்காத 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் அந்த இடஒதுக்கீடும் கிடையாது. அதைப் பற்றி யாரும் முகம் சுளிப்பதில்லையே?

திருச்சிவாசி:
அந்தக் கல்லறை மூலை இந்துக்கள் ஒதுக்கியதா, சபைக்காரர்களா?

மூன்றாம்தலைமுறை:
சபைக்காரர்கள்தான்.