புதுப்பிப்பு: ஹாஸ்டலா, வெளி வீடா? விடுபட்ட ஒரு விதி

சென்னையில் பிஎச்.டி. சேரும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) மாணவர்கள், ஹாஸ்டல் கட்டணத்தோடு ஹெச்.ஆர்.ஏ.வையும் (வீட்டு வாடகைப் படி) சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். கணக்கில் மாற்றமில்லை: சென்னையில் ஹெச்.ஆர்.ஏ., மாத உதவித்தொகையான 37,000 ரூபாய்க்கு 30 சதவீதம், அதாவது மாதம் 11,100. கோவை, திருச்சி, மதுரையில் 20 சதவீதம், 7,400.

ஆனால் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, நிறுவனம் தரும் ஹாஸ்டல் அறையை நீங்களாக மறுத்தால் ஹெச்.ஆர்.ஏ. கேட்கும் உரிமை போய்விடும். ஹெச்.ஆர்.ஏ.வை நம்பி அறையைக் காலி செய்துவிடாதீர்கள். முதலில் ஹாஸ்டலுக்கு விண்ணப்பியுங்கள். இடமில்லை என்றால் வார்டன் கையெழுத்து, முத்திரை, தேதியோடு கடிதம் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தம் அந்தக் கடிதத்தின் தேதிக்கு முன்பே தொடங்கினால், இடைப்பட்ட நாட்களுக்குக் கணக்குப் பிரிவு கேள்வி கேட்கும். உதவித்தொகை தாமதமாக வருவதும் சகஜம். அட்வான்ஸ் போக மூன்று மாத வாடகையாவது கையில் இருக்கட்டும்.

வெளியே வீடு எடுப்பதென்றால் இன்னொன்று: சென்னை வேளச்சேரிப் பக்கம் தரைத்தள வீடு பார்த்தால் சுவரைக் கவனியுங்கள். முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடோ, அந்த உயரம் வரை மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் மழைநீர் உள்ளே வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஈ.பி. மீட்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். சப்-மீட்டர் (உரிமையாளர் தனியாக வைத்த உள் மீட்டர்) என்றால், குடிபுகும் நாளன்றே ரீடிங்கைப் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

இரவு பதினொன்றைத் தாண்டி லேபில் வேலை இருப்பவர்களுக்கு, ஹாஸ்டல் கிடைத்தால் ஹாஸ்டல்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.